ஓரடி பின்னால் நடந்த அக்கா

பிள்ளைகளே, நான் முதல் டிஜிட்டல் கமரா வாங்கிய வருடம், ஆறு வயதான உங்கள் பெரியக்காவோடு ஜேர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய அரண்மனை பார்க்கப் போனேன். அங்கே காவலுக்கு நின்றவர் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. சாம்பல் நிறச் சீருடை, இறுக்கிக் கட்டிய கொண்டை. யார் வந்தாலும் ஓரடி பின்னாலேயே நடப்பார்.

மாடி அறையில் இரண்டு படங்கள். ஒன்று இளம் ராணி. மற்றது, ராணியைச் சிறு வயதிலிருந்து வளர்த்த ஆசிரியை.

"படியிறங்கேக்க ராணியின்ர கையை இவ விடமாட்டா. முடிசூடின பிறகும் இவவைக் கேளாமல் அரண்மனையில ஒரு அலுமாரி திறக்கேலாது," என்றார் அக்கா, ஆசிரியையின் படத்தைக் காட்டி.

"பொல்லாதவவோ?" என்று கேட்டேன்.

"இல்லை அண்ணை, சரியான பாசம். ஆனா இவ அரண்மனையை விட்டுப் போன அண்டைக்கு ராணிக்குத் தனியப் படியிறங்கத் தெரியேல்லை."

திரும்பும்போது, கல் படியில் மகளின் கையைப் பிடித்தேன்.

"விடுங்கோ அண்ணை. அவ என்ன ராணியோ? இறங்குவா."

விட்டுவிட்டு முன்னால் இறங்கிப் படமெடுத்தேன். அவள் தனியே, சிரித்துக்கொண்டே இறங்கி வந்தாள்.

வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்தபோதுதான் கண்டேன். அவளுக்கு ஓரடி பின்னால் அக்காவின் கை, தொடாமல், நீண்டிருந்தது. விடச் சொன்னவரே அவர்தானே!