தனிக்கூண்டு எலிகள்

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளை எலியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எலியைக் கண்டால் அலறியடித்து நாற்காலிமேல் ஏறுகிறவர்கள் உண்டு. இவளோ "வாடா என் தங்கம்" என்று வாரி எடுப்பாள். கூண்டு கழுவுவதும் மரத்தூள் மாற்றுவதும் அவள் வேலை.

அங்கே பாதி எலிகள் கூட்டமாக இருந்தன. மீதி, ஒவ்வொன்றும் தனிக்கூண்டில். எல்லாக் கூண்டிலும் ஒரு குழாயில் தண்ணீர், இன்னொன்றில் சாராயம். தனிமையில் வாடும் எலி எதைத் தேடிப் போகிறது, அப்போது அதன் மூளையில் எந்த நரம்புப் பாதை மாறுகிறது என்று டாக்டரம்மா ஆராய்ந்துகொண்டிருந்தார். தனி எலிகளைத் தொடக்கூடாது, அவற்றோடு பேசக்கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தார். எலியக்காவும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினாள். ஆனால் கை கேட்டால்தானே! மரத்தூள் மாற்றும்போதெல்லாம் ஒவ்வொன்றையும் மடியில் வைத்துக் கொஞ்சி, முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

இத்தனைக்கும் வீட்டில் அவள் அப்படி இல்லை. இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி, வேலை போனதும் முகம் செத்து மூலையில் கிடந்தான். பிறகு குடி. கெஞ்சினாள், திட்டினாள், அவன் மசியவில்லை. "நீ குடிய விடுற வரைக்கும் உன்னோட எனக்குப் பேச்சே கெடையாது" என்று மாடி அறைக்குத் துரத்திவிட்டாள். சாப்பாட்டுத் தட்டை அறை வாசலில் வைத்துவிட்டு ஓசைப்படாமல் இறங்கிவிடுவாள். இப்படியாவது ரோஷம் வந்து பிழைத்துக்கொள்ள மாட்டானா என்ற நப்பாசைதான்.

கடைசியில் மூளைகளை அறுத்துப் பார்த்தால், தனி எலிகளுக்கும் கூட்டத்து எலிகளுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. தனி எலிகள் சாராயத்தை அதிகம் நாடவும் இல்லை. டாக்டரம்மா மண்டையைப் பிய்த்துக்கொண்டு, கேமராப் பதிவைப் போட்டுப் பார்த்தார்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க?"

"பாவமா இருந்துச்சும்மா. சும்மா கொஞ்சம் தடவிக் குடுத்தேன், அவ்வளவுதான்."

"அந்த அவ்வளவே அதுங்களுக்குப் போதுமா இருந்திருக்கு. இத்தனை உசிரக் கொன்னதும் வீணு. இனி எல்லாம் முதல்லேருந்து!"

எலியக்கா தேம்பித் தேம்பி அழுதாள். வேலை போய்விடும் என்று அழுகிறாளாக்கும் என நினைத்து, "சரி சரி, உங்கள அனுப்பிட மாட்டேன்" என்றார் டாக்டரம்மா. அவருக்கு என்ன தெரியும், பாவம்.

அன்று செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடினாள். கதவைப் படபடவென்று தட்டினாள்.

"தம்பி, அக்காடா. கதவத் தொறடா!"

உள்ளே கட்டில் முனகியது. வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. தாடியும் மீசையுமாக, கண்கள் மிரள அவன் நின்றான். அவள் கையை நீட்டுவதற்குள் அவனே கேட்டான்.

"என்னக்கா, யாரு செத்துட்டா?"