பௌர்ணமிக்கு மறுநாள் எடுத்த படம்

அக்காவின் நுரையீரலில், வலப்பக்கம் மேலே, சுண்டைக்காய் அளவுக்கு ஒரு புள்ளி தெரிந்தது. திங்கட்கிழமை காலை டாக்டர் அதைப் பேனாவால் சுட்டிக் காட்டி, பழைய எக்ஸ்ரே ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அதிலும் இதே புள்ளி இதே அளவில் இருந்தால் பயமில்லை. இல்லையென்றால் வேலூருக்குப் போய், ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்.

பழைய எக்ஸ்ரே இருந்தது. எட்டு ஒன்பது வருடங்களுக்கு முன், இருமல் விடாமல் வாட்டியபோது எடுத்தது. கீழ்பென்னாத்தூரில் அக்கா வீட்டு பீரோ மேல் கிடந்த அந்தப் படத்தை, ஒரு சூரிய கிரகணத்தன்று மாமா நான்காக வெட்டித் தெருவில் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டார்.

“என் நெஞ்சு வழியா தெருவே சூரியனப் பாத்துச்சி,” என்றாள் அக்கா. அவள் சிரிக்கவில்லை.

படம் எடுத்த இடம் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு எக்ஸ்ரே நிலையம். அதை நடத்துபவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர் வாங்கிய நாளிலிருந்து அவர் ஒரு படத்தையும் அழித்ததில்லை. எல்லாம் ஹார்ட் டிஸ்கில் இருந்தன. அதில் ஒன்றைத் தேடி எடுப்பதுதான் முடியாத காரியம்.

நாளுக்கு ஒரு ஃபோல்டர். அதன் பெயர் ‘புதுசு’. புதுசு 2, புதுசு 3 என்று ஆயிரக்கணக்கில் போயிருந்தது. நடுவில் டிஸ்க் மாற்றியபோது வரிசையும் கலைந்துவிட்டது. உள்ளே படங்களுக்கு அன்றைய டோக்கன் எண்தான் பெயர். தினமும் ஒன்றிலிருந்து தொடங்கும். யாருடைய டோக்கன் எது என்று எழுதிய நோட்டுகளைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிட்டார். படத்தின் மூலையில் தேதி, வயது, ஆணா பெண்ணா என்பது மட்டும் சிறிய எழுத்தில் இருக்கும்.

“தேதி சொல்லுங்க சார், ரெண்டு நிமிஷத்துல எடுத்துர்லாம்.”

“தேதி தெரியாதே, பாய்.”

“இங்க வர்ற யாருக்குதான் தெரியுது?” என்றார் அவர்.

நான் ஒரு நாளிதழின் புகைப்படப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன். தேதி வாரியாக அடுக்கினால் எதுவும் கிடைக்கும் என்பது அங்கே கற்ற பாடம். பாயிடம் அனுமதி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு ஃபோல்டரிலும் முதல் படத்தைத் திறந்து, மூலையில் இருந்த தேதியைப் படித்து, ஃபோல்டருக்கு அதையே பெயராக வைத்தேன். கூடவே ஓர் அட்டவணை: தேதி, அன்று எத்தனை டோக்கன். புதன்கிழமை மாலைக்குள் அக்கா சொன்ன காலத்தை ஒட்டிய மூன்று வருடங்கள் ஒழுங்காகிவிட்டன. ஒழுங்கு வந்ததே தவிர அக்காவின் படம் வரவில்லை. எது கால், எது நெஞ்சு என்று திறந்தால்தான் தெரியும். எல்லாவற்றையும் திறக்க ஒரு மாதம் ஆகும்.

அக்காவுக்குப் போன் செய்தேன்.

“தேதியெல்லாம் யாருடா ஞாபகம் வெச்சிருக்கா? பௌர்ணமிக்கு மறுநாளு. நல்ல குளிரு, மாமாவோட ஸ்வெட்டரப் போட்டுனு வந்தேன். ரோடு பூரா காலி தண்ணி பாட்டிலு.”

காலண்டர் பார்த்து அந்த மூன்று குளிர்காலங்களின் பௌர்ணமிகளைக் குறித்தேன். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மறுநாள் எடுத்த படங்களை எல்லாம் திறந்தேன். தேடியது ஐம்பது வயதை ஒட்டிய ஒரு பெண்ணின் நெஞ்சை. அடையாளம் ஒன்று உண்டு: சின்ன வயதில் மொபெட்டிலிருந்து விழுந்ததில் அக்காவின் இடது காறை எலும்பு முறிந்து, கோணலாகக் கூடியிருக்கும். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கடைசி நாளையும் பார்த்து முடித்தேன். எதிலும் கோணல் எலும்பு இல்லை.

பாய் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். “காலண்டர்லயா பாத்தீங்க? அத விடுங்க சார். கூட்டம் எந்த ராத்திரி மலைய சுத்துதோ அதான் இங்க பௌர்ணமி. காலண்டர்ல ஒரு நாள் முன்ன பின்ன போட்டிருப்பான்.”

“அந்த ராத்திரி எதுன்னு இப்ப எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

“அன்னிக்கி பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியவே நிறுத்திடுவாங்க. வெளியூரு நோயாளி எப்படி வருவான்? நமக்கு ஆறு டோக்கன் போனா ஜாஸ்தி.”

அட்டவணையின் இரண்டாவது பத்தியைப் பார்த்தேன். நாற்பது, முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று என்று போய்க்கொண்டிருந்த எண், மாதத்துக்கு ஒருமுறை ஐந்துக்கோ ஆறுக்கோ விழுந்து, மறுநாளே எழுந்தது. இரண்டு நாட்களாக என் கையாலேயே தட்டி ஏற்றிய எண்கள் அவை. சில இடங்களில் அந்தச் சரிவு காலண்டர் பௌர்ணமிக்கு ஒரு நாள் தள்ளி இருந்தது. அந்த நாட்களின் மறுநாள்களை மட்டும் திறந்தேன்.

இரண்டாவது ஃபோல்டரில், டோக்கன் 23. பெண், வயது 50. இடது காறை எலும்பு கோணல். வலப்பக்கம் மேலே சுண்டைக்காய்.

“இதானே?” என்றார் பாய். தலையாட்டினேன். “அப்ப எழுந்து ஒரு டீ குடிங்க, சார். மூஞ்சி ஆடிப்போய் கெடக்குது.”

டீ குடித்துவிட்டு வந்து அட்டவணையில் ‘வர்றவங்க சொல்றது’ என்று ஒரு பத்தி சேர்த்தேன். பௌர்ணமி, தீபம், பெருமழை, பஸ் ஓடாத நாள் எல்லாம் அதில் ஏறின. அன்று மதியமே அடி அண்ணாமலையிலிருந்து ஒருவர் வந்து, தன் அப்பாவின் முழங்கால் படம், தீபத்துக்கு ரெண்டு நாள் முன்ன எடுத்தது என்றார். பாய் அவரிடம் தேதி கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை டாக்டர் இரண்டு படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அளந்தார். மறுபடியும் அளந்தார்.

“எட்டு வருஷமா மாறவே இல்லம்மா. எப்பவோ சளி கட்டி ஆறின தழும்பு. வேலூர் எல்லாம் வேணாம். ஆறு மாசம் கழிச்சி ஒரு தடவ வந்து காட்டுங்க, போதும்.”

நான்கு நாட்களாக அக்கா சரியாகச் சாப்பிடவில்லை என்பது வெளியே வந்து ஓட்டலில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. வந்த இட்லி சாம்பார் ஆறுவதற்குள் தீர்ந்தது. கை கழுவாமலேயே இடது கையால் மகளுக்குப் போன் போட்டாள்.

“ஒண்ணுமே இல்லியாம்டி! பத்து வருஷமா இருக்குதாம். இடது பக்கம். இனிமே வரவே வேணாம்னுட்டாரு.”

பத்து அல்ல, எட்டு. இடது அல்ல, வலது. ஆறு மாதத்தில் வரச் சொல்லியிருக்கிறார். அதையெல்லாம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, சர்வரைக் கூப்பிட்டு இன்னும் இரண்டு இட்லி கேட்டேன்.