கிளி வைத்த அரிவாள்மனை

பாத்திரத்தில் பேர் வெட்டுகிற வேலையில் கை வலிப்பதைவிடக் காது வலிப்பதுதான் அதிகம். சுத்தியல் சத்தத்தைச் சொல்லவில்லை. அதற்குப் பழகிவிடும். வெண்கலம் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்ச நேரம் முனகும், எவர்சில்வர் வெடுக்கென்று பேசி நிறுத்திக்கொள்ளும், பித்தளை இரண்டுக்கும் நடுவே. வலியெல்லாம் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் பேசுவதைக் கேட்பதில்தான். கல்யாணத்துக்குக் குடம் வாங்கிக் கொடுத்துவிட்டு, தன் பேர் வெட்டிய பக்கம் சுவரைப் பார்த்து நிற்பதைக் கண்டு புழுங்கியவர்களுக்கும், இரவல் போன அண்டா வேறு யாருடைய இனிஷியலோடோ திரும்பி வந்தவர்களுக்கும் நான் சொல்வது புரியும்.

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் அப்பா பாத்திரக்கடை வைத்திருந்தார். அவர் மகள் நான் பி.ஏ. தமிழ் முடித்து வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த சமயம், அவருக்குக் கண்ணில் புரை விழுந்தது. பதில் வரும்வரை உட்காரு என்று சிற்றுளியைக் கையில் கொடுத்தார். எழுபதுகளில் பெரும்பகுதி அப்படியே போனது. கொடுக்கும்போது இரண்டு சட்டம் சொன்னார். சாமானைக் கொண்டு வருகிறவர் என்ன பேர் சொல்கிறாரோ அதை வெட்டு, யாருடையது என்று கேட்காதே, அது கோர்ட்டு வேலை. வெட்டின பேரை அழிக்காதே, அழிக்கிற கடை என்று தெரிந்தால் திருட்டுச் சாமானெல்லாம் நம் வாசலுக்கு வரும்.

வாய் திறக்காதவர்கள்

அந்தப் பக்கத்தில் அப்போது பெண்கள் கட்டியவர் பேரைச் சொல்வதில்லை. சாமானைப் புழங்குவது பெண், பொறுக்கி எடுப்பது பெண், சில நேரம் காசும் அவளுடையது. ஆனால் வெட்டச் சொல்லும் பேர் புருஷனுடையது, அதை அவள் வாயால் சொல்லக்கூடாது. ஒரு நாள் குதிரைத் தலை வைத்த தேங்காய்த் துருவியோடு ஒருத்தி வந்தாள். பேர் என்ன என்றதற்குச் சுவரில் மாட்டியிருந்த முருகன் காலண்டரைக் காட்டினாள். முருகேசனா என்றேன். தலையாட்டினாள், இல்லையென்று. கந்தசாமி, சுப்பிரமணி, பழனிச்சாமி, ஆறுமுகம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். என் தமிழ்ப் படிப்பு அவ்வளவுக்கும் உதவியது. எதற்கும் அவள் அசையவில்லை.

கடைசியில் பொறுமை இழந்து, "சாமியை உடுங்க. கையில என்னத்தப் புடிச்சிருக்குதுன்னு பாருங்க" என்றாள். வேலுச்சாமி. வெட்டி முடித்ததும், பேரைச் சொன்னால்தான் என்ன, ஊரே கூப்பிடுகிற பேர்தானே என்று கேட்டேன். துருவியை முந்தானையில் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "சொன்னா அவருக்கு ஆயுசு கொறையுமுங்க. வெட்டுனா கொறையாது. வெட்டறது நீங்கதானுங்களே."

கிளியும் மயிலும்

எருத்தேன்பதிப் பக்கத்திலிருந்து ராமாத்தாள் என்று ஒருத்தி சந்தைக்கு முட்டை கொண்டு வருவாள். மூன்று மகன்கள் ஒரே அடுப்பில் சாப்பிடுகிற வீடு, அவள் கடைசி மருமகள். நாலு மாதமாக எங்கள் கடையில் ஒரு அரிவாள்மனையைப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். பலாமரப் பலகை, ஓரத்தில் பித்தளைத் தகடு, வளைந்த அருவாள் நுனியில் ஒரு பித்தளைக் கிளி. கிளியைத் தனியே கழற்றித் தேய்க்கலாம், கழுத்தில் ஒரு மரையாணிதான் என்று நானே அவளுக்குக் காட்டியிருந்தேன். அன்றைக்கு முட்டைக் காசில் அதை வாங்கினாள். பேர் வெட்ட வேண்டும். சொல்ல முடியாதே. பக்கத்துத் தோட்டத்துக்காரி சந்தை முடித்து வந்து சொல்லுவாள் என்று ஓரமாக உட்கார்ந்துகொண்டாள்.

அந்த நேரத்தில் வந்தவள் பேச்சியம்மாள். மறையூருக்கு மேலே எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவள், தங்கை வீட்டுக்கு வந்திருந்தாள். இரண்டு கைப்பிடியும் மயிலாக வளைந்த ஒரு பாக்குவெட்டியை எடுத்து என் முன்னால் வைத்து, "பேச்சியம்மாள்னு போடுங்க டீச்சர்" என்றாள். படித்த பெண் யாராக இருந்தாலும் அவளுக்கு டீச்சர்தான். பாக்குவெட்டிக் கைப்பிடியில் அத்தனை எழுத்துக்கு இடமில்லை. வீட்டுக்காரர் பேர் சின்னதாக இருந்தால் அதை வெட்டட்டுமா என்று கேட்டுவிட்டேன். "அவரு வெத்தலையே போடமாட்டாரு. அவரு பேரு என்னத்துக்கு? எஸ்டேட்டு செக்ரோலு நோட்டுல எம் பேரு இருக்கு, சம்பளத்துக்கு எம் பேரச் சொல்லித்தான் கூப்பிடுதாக. இந்தக் கையில பேச்சின்னு போடுங்க, அந்தக் கையில அம்மாள்னு போடுங்க. பாக்க வெட்டயில ரெண்டும் சேந்துக்கிடும்." அப்படியே வெட்டினேன். அவள் அதை இரண்டு தரம் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, ஒரு பாக்கையும் வெட்டி வாயில் போட்டுக்கொண்டு போனாள்.

ராமாத்தாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நகர்ந்து வந்து அரிவாள்மனையை என் பக்கம் திருப்பினாள். கிளியின் இடது இறக்கையை விரலால் தொட்டுக் காட்டி, சந்தைப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ராமாத்தான்னு வெட்டுங்க அம்மணி. அவ வர்றதுக்குள்ள."

கோலக்குழல்

புதிதாகக் கல்யாணம் ஆன பெண் ஒருத்தி, மாவு போட்டு உருட்டுகிற பித்தளைக் கோலக்குழல் ஒன்றைக் கொண்டு வந்தாள். மேலே பேர் வெட்ட வேண்டாமாம். பூவும் கொடியும் விழுகிற மாதிரி ஓட்டைகள் இருக்கிறதே, அந்த வரிசைக்குப் பக்கத்தில் தன் பேரும் விழுகிற மாதிரி ஓட்டை போட்டுத் தர முடியுமா என்று கேட்டாள். போடலாம், ஆனால் வாசலில் போகிறவர் வருகிறவரெல்லாம் உன் பேரை மிதிப்பார்களே என்றேன். அவளுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. "மிதிக்கட்டுமுங்க. விடிஞ்சா மறுக்கா போட்டுக்குவேன்."

மாமியார் வந்த நாள்

அது ஒரு குடும்பம் இவ்வளவு நிலம்தான் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்து, பெரிய வீடுகளெல்லாம் அவசர அவசரமாகப் பாகம் பிரிந்துகொண்டிருந்த காலம். நிலத்தைப் பிரிக்கும்போது அண்டா குண்டாவையும் சேர்த்தே பிரிப்பார்கள். மருமகள்களின் பிறந்த வீட்டுச் சீரில் அவரவர் தகப்பன் பேர் இருக்கும், அது அவரவருக்கு. குடும்பத் தலைவர் பேர் வெட்டிய சாமான் பொதுவில் சேர்ந்து பங்குக்குப் போகும். இது எல்லோருக்கும் தெரிந்த முறை. கல்யாணத்துக்குப் பிறகு ஒரு மருமகள் தானே வாங்கித் தன் பேரையே வெட்டிக்கொண்ட சாமான் எதில் சேரும் என்று மட்டும் யாரும் அதுவரை யோசித்திருக்கவில்லை. ராமாத்தாளின் மாமியார் யோசித்திருக்கிறார். அரிவாள்மனையைத் துண்டில் கட்டி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார்.

"இந்தப் பேர அழிச்சுப்போட்டு ஊட்டுப் பெரியவரு பேர வெட்டு அம்மணி" என்றார். அழிக்கிற வழக்கம் இல்லைங்க என்றேன். சரி, பக்கத்தில் வெட்டு என்றார். கொண்டு வந்தவர் சொல்கிற பேரை வெட்ட வேண்டும், அதுதான் சட்டம். நான் சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொண்டு, சொல்லுங்க, என்ன பேர் என்றேன். அந்த அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். செ. மாரப்பன் என்ற அந்தப் பேரை அவர்கள் வீட்டு அண்டாவிலும் குத்துவிளக்கிலும் அப்பா எத்தனை முறை வெட்டியிருப்பார் என்று கணக்கில்லை. நானே இருபது முறை வெட்டியிருப்பேன். "மழைக்குக் கும்புடற சாமி" என்றார். காளியப்பனுங்களா என்றேன். "தீச்சட்டி எடுக்கறமே, அந்த ஆத்தா" என்றார். பத்திரப்பனுங்களா என்றேன். பிறகு, "உனக்குத் தெரியும் அம்மணி. தெரிஞ்சுட்டே கேக்கறே" என்றார். நான் கட்டியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தேன்.

அப்பா உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மாமியார் அவர் பக்கம் திரும்பி, நீங்களாவது சொல்லுங்கள் என்றார். தன் இரண்டு சட்டங்களைத் தவிர வேறெதற்கும் வாய் திறக்காத மனிதர், புரை விழுந்த கண்ணை மூடிக்கொண்டு, "வயசாச்சுங்க. நெனப்பு வரமாட்டீங்குது" என்றார். மாமியார் அரிவாள்மனையை மறுபடி துண்டில் கட்டினார். எழுந்து நின்று, கோபமே இல்லாமல் சொன்னார்: "நாப்பது வருசமா அவரு பேர வெட்டித்தான சோறு தின்னீங்க, அப்பனும் மகளும்."

மூத்தவர் சொன்ன பேர்

அடுத்த சந்தைக்கு அரிவாள்மனையோடு மூத்த மகனே வந்துவிட்டார். மகன் தகப்பன் பேரைச் சொல்வதில் தடை ஒன்றும் இல்லை. "செ. மாரப்பன்னு வெட்டுங்க. எங்கம்மாளுக்கு நடந்து நடந்து காலு நோவுதுங்கறாங்க" என்றார். நல்ல மனிதர்தான், வெயிலில் வந்த களைப்பில் மோர் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக் குடித்தார். பேர் சொல்லியாகிவிட்டது. இனி வெட்டுவதைத் தவிர வழியில்லை.

கிளியின் வலது இறக்கை காலியாகத்தான் இருந்தது. அங்கே வெட்ட எனக்கு மனம் வரவில்லை. கிளியில் இடமில்லை என்று பொய் சொல்லிவிட்டுப் பலகையின் ஓரத் தகட்டில் வெட்டினேன். கிளியாவது அவளுடையதாகவே இருக்கட்டும் என்று பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைப்பு. சுத்தியல் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் கிளி லேசாக ஆடி, கிணுகிணு என்று ஒரு சத்தம் வந்தது. மூத்தவர் மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "காய் அரியற சாமானுக்கு எதுக்குங்க இத்தன ரோசனை?" அவர் வாழ்நாளில் அதில் உட்கார்ந்து ஒரு வெண்டைக்காய்கூட அரிந்திருக்க மாட்டார் என்பது என் ஊகம்.

கிளி மட்டும்

ஒரு மாதம் ராமாத்தாள் சந்தைக்கு வரவில்லை. வந்தபோது முட்டைக் கூடையில் தவிட்டுக்குள்ளிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து அவிழ்த்தாள். உள்ளே கிளி மட்டும் இருந்தது.

பாகம் பிரித்த நாளில் சாமானையெல்லாம் களத்தில் பரப்பி வைத்து, உறவில் பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து பேர் படித்தார்களாம். அரிவாள்மனையின் முறை வந்தது. கிளியில் மருமகள் பேர், பலகையில் மாமனார் பேர். அது தன் முட்டைக் காசில் வாங்கினது என்று இவள் சொல்லியிருக்கிறாள். யார் கோழி, யார் வீட்டுத் தவிடு என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மாமியார், பொம்பளை பேர் வெட்டினால் அது அவளுடையதாகிவிடுமா என்றிருக்கிறார். பாதி மத்தியானம் இதிலேயே போன பிறகு, ஒரு பெரியவர் கிளியின் கழுத்தைத் திருப்பிப் பார்த்து, "அட, இது மரையாணிதான். ஒரு திருப்புளி கொண்டாங்கப்பா" என்றாராம். பேர் இருக்கிற பாகம் பேர்க்காரருக்கு. கிளி இவளுக்கு வந்தது. அருவாளும் பலகையும் பங்கில் மூத்த மருமகளுக்குப் போயின. எல்லோருக்கும் திருப்தி. உங்கள் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன். "வேப்பமரத்துல காக்கா கூடு கட்டீருந்துதுங்க. அதையே பாத்துட்டு நின்னாரு" என்றாள்.

மூத்தவள் மறுநாளே வந்து கிளியைக் கேட்டாளாம். மொட்டையாக இருக்கிற அரிவாள்மனையில் உட்கார அவளுக்குப் பிடிக்கவில்லை. இவள் கொடுக்கவில்லை. "அவ ஊட்டுல அருவா இருக்குது, என்ற ஊட்டுல கிளி இருக்குது. நான் பாக்குவெட்டீல கத்திரிக்கா நறுக்கீட்டிருக்கறனுங்க." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை. நான் இரண்டு பேரையும் கிளியிலேயே வெட்டியிருந்தால் பிரித்திருக்க முடியாது, தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவள் யோசித்துப் பார்த்து, அப்படி வெட்டியிருந்தால் கிளியும் சேர்ந்தே போயிருக்கும் என்றாள். அதுவும் சரிதான்.

மிச்சமிருந்த முட்டைகளை எடுத்துக்கொள்ளச் சொல்லி, கிளி இல்லாத சாதா அரிவாள்மனை ஒன்றைக் கேட்டாள். அப்பா நாற்காலியில் இருந்தபடியே, இருப்பதில் கனமான அருவாளாகப் பார்த்துக் கொடு என்றார். கிளியை அதில் வைத்து ஆணியை முறுக்கினேன். பலகையில் வெட்டுங்கள் என்றாள். வெட்டினேன். அருவாள் முதுகில் வெட்டுங்கள் என்றாள். இரும்பில் எழுத்து சரியாக விழாது, விழுந்த மட்டும் வெட்டினேன். பழைய இறக்கை எழுத்தை ஒருமுறை ஆழப்படுத்தச் சொன்னாள். பக்கத்துத் தோட்டத்துக்காரி வந்து நின்று, நேரமாகிறது வா என்று கூப்பிட்டாள். ராமாத்தாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து கிளியின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "இந்த ஆணித் தலையில ஒரு எழுத்துக்கு எடமிருக்குமுங்களா?"

இருந்தது, ஒரு 'ரா'வுக்கு மட்டும். ஒரு பெண் தன் காசில் வாங்கிய சாமானைத் தன்னுடையதாக்க அதன் ஆணித் தலை வரைக்கும் பேர் வெட்ட வேண்டியிருக்கிறது என்பதுதான் என் பி.ஏ.யும் அப்பாவின் சுத்தியலும் சேர்ந்து எனக்குக் கற்றுக் கொடுத்த மொத்தப் பாடம்.