ரஹேலம்மாவின் சனிக்கிழமைகள்

பரணைச் சுத்தம் செய்தபோது பழைய ஹெட்போன் ஒன்று கையில் கிடைத்தது. காதுப் பஞ்சு தொட்டதும் உதிர்ந்து விரலில் ஒட்டிக்கொண்டது. முகர்ந்து பார்த்தேன். லேசாகத் தேங்காயெண்ணெய் வாசனை. ரஹேலம்மா தலையில் வைத்த எண்ணெய்தான், வேறு யாருடையதாக இருக்கும்?

அப்போது விருத்தாசலத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். சிஸ்டம் என்ஜினியர் என்று சொல்லிக்கொள்வேன். தெரிந்ததெல்லாம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது. பீங்கான் கம்பெனி ஆட்கள் ஷிப்ட் முடிந்து வந்து உட்கார்ந்து போனால் கீபோர்டு மாவில் புரட்டியதுபோல் இருக்கும். மங்கலம்பேட்டைப் பெண்கள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு துபாயிலிருக்கும் கணவரோடு பேசுவார்கள். அவர்களுக்கு நடுவில்தான் ரஹேலம்மாவும் உட்காருவார்.

கொச்சி யூதப் பெண். சூளை வேலை பார்த்த நம்மூர்க்காரரைக் கட்டிக்கொண்டு வந்தவர். உறவெல்லாம் இஸ்ரேலுக்குப் போய்விட்டது. கணவரும் இறந்தபின் மிச்சம் அங்கிருந்த தங்கை மிரியாம் மட்டும். பேசுவது கொச்சி யூதர்களின் பழைய மலையாளம், நடுநடுவே எபிரேயம் வரும். செத்துப்போனார் என்பதற்கு 'ஷாலோம் ஆயி' என்பார்களாம். எனக்குப் புரிந்ததெல்லாம் இரண்டு பேரும் சண்டை போடுகிறார்கள் என்பதுதான். வாராவாரம் சண்டை, வாராவாரம் சிரிப்பு.

வெள்ளி பொழுது சாய்ந்து விளக்கு ஏற்றினால் சனி பொழுது சாயும்வரை அவர்களுக்கு ஓய்வுநாள், மெஷினைத் தொடமாட்டார். வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்தால் ஓய்வுநாள் முடிந்தது என்று கணக்கு; சனிக்கிழமை அதைப் பார்த்ததும் ஓடிவருவார். அங்கேயோ வெயில் அடித்துக்கொண்டிருக்கும், தங்கைக்கு ஓய்வுநாள் முடிந்திருக்காது. தெரிந்தேதான் வந்து காத்திருப்பார். "வூட்ல மட்டும் யாரு இருக்காங்க தம்பி?" என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை இங்கே இருட்டிவிட்டது, அங்கே இன்னும் பகல். மிரியாமின் பேத்தி கூப்பிட்டாள். பாட்டிக்குப் பக்கவாதம், எபிரேயம் மறந்துவிட்டது, பழைய பேச்சில் எதையோ கேட்டு அழுகிறார், பக்கத்தில் புரிந்துகொள்ள ஆளில்லை, நெட்டில் தேடியும் கிடைக்கவில்லை. அவளுடைய ஆங்கிலத்தையும் என்னுடைய ஆங்கிலத்தையும் வைத்து இவ்வளவு விளங்கியதே பெரிது. ஓடிப்போய் ரஹேலம்மாவை அழைத்துவந்தேன்.

"வெளக்கு ஏத்திட்டனே தம்பி, தொடமாட்டேன். நீ காதுல புடிச்சிக்க."

ஹெட்போனை அவர் காதில் பிடித்துக்கொண்டேன். அவர் கண்ணீர் என் கையில் விழுந்தது.

"கஞ்சி கேக்குறா. உப்புப் போட்ட கஞ்சி. நோவுன்னு நெனச்சி ஊசி போட்டுக்கிட்டு இருக்குதுங்க."

அரிசி, தண்ணீர், உப்பு என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பேத்திக்குச் சொன்னேன். பிறகு ரஹேலம்மா தங்கையிடம் என்னென்னவோ பேசினார். அன்று சண்டை இல்லை.

மறுநாள் நட்சத்திரம் பார்த்து வந்து, அங்கே பொழுது சாயும்வரை காத்திருந்தார். லைனில் பேத்திதான் வந்தாள். இரண்டு வாய் குடித்தாராம். ரஹேலம்மா ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "ஷாலோம் ஆயி" என்றார். எனக்குப் புரிந்ததா என்று முகத்தைப் பார்த்தார். அதைச் சொல்ல அவருக்கு ஊரில் வேறு ஆளில்லை. அழுதுவிட்டேன்.

அதற்குப் பிறகும் சனிக்கிழமைகளில் வந்து, யாரும் கூப்பிடாத ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காசு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இப்போது சென்டரும் இல்லை, அவரும் இல்லை. அந்த யூத மலையாளக் கல்யாணப் பாட்டுகள் மட்டும் போனில் கொட்டிக் கிடக்கின்றன. இஸ்ரேல் பிள்ளைகள் தேடிக் கற்றுக்கொண்டு அழகாகவே பாடுகிறார்கள். நேற்று வரிசையாகப் பார்த்தேன். ஒரு வீடியோவிலும் யாரும் அக்காவைத் திட்டவில்லை, யாரும் கஞ்சி கேட்கவில்லை.