இடப்பக்கத்திலிருந்து வந்த குரல்

மகேந்திரராஜா வாயைத் திறந்தார். தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது. திரை எழ இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது.

பகலில் கட்டட வரைபடம் வரைந்து, மாலையில் சிட்னியில் ஓப்பரா என்னும் மேற்கத்திய இசைநாடகக் குழு ஒன்றில் நாற்பது பேரில் ஒருவராக நின்று எட்டு வருடம் பாடிய மனிதர். பரிட்டோன் என்று அங்கே சொல்லும் கனத்த ஆண்குரல். 1977இல்தான் முதன்முதலாகத் தனிப் பாத்திரம் கிடைத்தது: மகளை வீட்டை விட்டுத் துரத்தும் தகப்பன்.

குரலைக் கெடுத்துக்கொண்டவரும் அவரேதான். கடைசி ஒத்திகைகளில் பாடகர்கள் குரலைச் சேமிக்க முணுமுணுப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். இசைக்குழுவை நடத்துபவர் இரண்டு தடவை இவருக்கும் சொல்லிப் பார்த்தார். யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளியில் பாடப் பழகினாலும் சைவக்காரர் அல்லவா, கேட்பாரா?

"பாட்டிலை என்ன அரைவாசி? சுவாமிக்கு அரைப் பூசை செய்யிறதோ?" என்று மனைவி சத்தியபாமாவிடம் பெருமையடித்துவிட்டு, மூன்று நாளும் முழுத் தொண்டையில் முழங்கினார்.

இப்போது நிர்வாகி வந்து முடிவைச் சொன்னார். இவர் மேடையில் நடித்து வாயசைக்க வேண்டும். இடப்பக்க ஓரத்தில் திரைமறைவில் நின்று வேறொருவர் பாடுவார். திரை எழுமுன் அதைச் சபைக்கும் அறிவித்துவிட்டார்கள்.

வேடத்தோடு விறைத்துப்போய் நின்றார் மகேந்திரராஜா. தன் கோபத்தை யாரோ ஒருவனின் குரல் பாடியது. சபை எழுந்து நின்று கைதட்டியது.

முடிந்ததும் சத்தியபாமாவும் நண்பர் யோகேஸ்வரனும் பூங்கொத்தோடு வந்தார்கள். புறநகர் டூங்கபியிலிருந்து வழக்கம்போல நம்மவர் நேரத்துக்குப் புறப்பட்டு, முதற்காட்சி முடிந்த பிறகே உள்ளே விடப்பட்டவர்கள். அறிவிப்பை அவர்கள் கேட்கவில்லை.

"அண்ணை, உலுக்கிப் போட்டியள்!" என்றார் யோகேஸ்வரன்.

சத்தியபாமாவுக்குக் கண் கலங்கியிருந்தது. "கலியாணம் கட்டிப் பதினொரு வருசமாக் கேக்கிறன். ஒரு நாளும் நீங்கள் இப்பிடிப் பாடேல்லை. இண்டைக்குத்தான் உங்கட குரல் என்னெண்டு எனக்கு விளங்கினது."

தலையில் இடி விழுந்தவர்போல அவர் அவளையே பார்த்தார். அது நானில்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். மறுபடியும் காற்றுத்தான் வந்தது.

"அவ்வளவு பாடினால் தொண்டை கட்டாமல் இருக்குமோ?" என்று அவள் பிளாஸ்கைத் திறந்து கொத்தமல்லித் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

ஒரு கிழமையில் குரல் திரும்பிவிட்டது. அவளிடம் உண்மையைச் சொல்ல மட்டும் அவருக்குத் துணிவு வரவில்லை. பிறகு இரண்டு தடவை தனிப் பாத்திரம் தேடி வந்தது. அவள் சபையில் இருக்கத் தன் குரலில் பாடப் பயந்து, இரண்டையும் வேண்டாமென்றுவிட்டார்.