முருங்கைக்கீரை போன இடம்

நண்பர்களே, இன்று காலை ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் நடந்ததை இன்னும் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

ஜப்பானியர் வந்தபின் எங்கள் உணவு பெரும்பாலும் மரவள்ளிக்கிழங்குதான். என் மனைவிக்கு இரத்தசோகை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மருந்து இல்லாததால், தினமும் முருங்கைக்கீரை கொடுக்கச் சொன்னார் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரெசர். இரண்டு மாதமாக நானே எங்கள் ஊர் சிடாம் கிரி முழுவதும் அலைந்து பறித்து வருகிறேன்.

இன்று அவர் அவளுடைய கீழிமையை இழுத்துப் பார்த்தார். பிறகு என்னுடையதையும் பார்த்தார்.

“சார், அக்கா கண்ணு இன்னும் வெள்ளையா இருக்கு. உங்க கண்ணு நல்லா செவந்திருக்கு. கீரை யாரு வயித்துக்குப் போவுது?”

அவள் தலை குனிந்தாள். “அவரு வேலைக்குப் போறவரு லா. அவரு சாப்பிட்டு மிஞ்சினாத்தானே எனக்கு?”

மிஞ்சியதே இல்லை. ருசியாக இருக்கிறதென்று இரண்டாம் முறையும் கேட்டு வாங்கியவன் நான். பட்டம் பெற்ற எனக்கு, அவள் தட்டை ஒருநாளும் எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. இந்தக் கோபத்தை யார்மீது காட்டுவதென்றும் தெரியவில்லை.

மதியம் அவளை முதலில் உட்காரவைத்து நான் பரிமாறினேன். பாதிக் கீரையை எனக்கென்று எடுத்து மூடி வைத்துவிட்டாள்.

உங்கள் வீட்டில் யார் முதலில் சாப்பிடுகிறார்கள்? தாள் கிடைப்பதில்லை; இந்தக் கடிதத்தின் பின்புறத்திலேயே பதில் எழுதி அனுப்புங்கள்.