ராட்டினத்தில் ஏறும் முன்

குடும்பங்கள் வரும் கேளிக்கைப் பூங்காவில் பீர் விற்கலாமா? கடலூரை அடுத்த பூங்காவின் வாசலில் இப்படிக் கேட்டுக் கொடுத்த கருத்துத் தாளில், 'தனி இடத்தில் விற்கலாம்' என்று எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ராட்டின வரிசையில் நிற்கிறேன். ராட்டினம் ஓட்டுபவர் ஆண்கள் ஒவ்வொருவரையும் வாயை ஊதிக் காட்டச் சொல்லித்தான் ஏற்றுகிறார். எனக்கு முன்னால் மகளுடன் நிற்பவர் தயங்கி ஊதுகிறார்.

"பாண்டியில ஒரே ஒரு பீருதான் மச்சான்."

"அந்த ஒண்ணுதான் மேல போனதும் எழுந்து நிக்கச் சொல்லும் மாமா. பாப்பா மட்டும் ஏறட்டும்."

"அப்பா வந்தாதான் ஏறுவேன்" என்கிறாள் சிறுமி.

"அப்ப சாயங்காலமா வாங்க. டிக்கெட் செல்லும்."

தனி இடத்தில் குடித்தவரும் இந்த வரிசைக்குத்தானே வருவார் என்று அப்போதுதான் தோன்றுகிறது.

மாலையில் நான் மறுபடி ராட்டினப் பக்கம் வரும்போது, அதே அப்பா மகளுடன் வந்து மறுபடி ஊதுகிறார்.

"மோர் வாசனைதான் வருது மாமா. ஏறுங்க."

மகள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறுகிறாள். நான் தாளில் எழுதியதை அடித்து, 'எங்கும் வேண்டாம்' என்று மாற்றி, வாசலில் கொடுத்துவிட்டு வருகிறேன்.